இருபத்தேழில் சேராத நட்சத்திரம்

மைதிலிக்கு வரன் கொண்டுவந்த தரகர்கள் எல்லோரும் ஒரே நல்ல செய்தியைத்தான் கொண்டுவந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை.

அதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! பையனுக்கு அரசாங்க வேலை என்று சொன்னால்கூட அவ்வளவு சந்தோஷம் வராது. "போன ஐப்பசியிலதானுங்க போய்ச் சேர்ந்தாரு. அருமையான எடம், விட்டுறாதீங்க" என்பாள் தரகு பார்க்கும் பெரியாத்தாள். காரணம் இதுதான்: மைதிலி மூல நட்சத்திரத்தில் பிறந்தவள். மூலத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமனார் தங்க மாட்டார் என்று ஒரு பயம் எங்கள் பக்கத்தில் இன்னும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு திடமாக இருக்கிறது. அதனால் ஏற்கெனவே தங்காமல் போன மாமனாராகத் தேடுவார்கள்.

நான் ரிஃபானா. திருப்பூர் காதர்பேட்டையில் என் அத்தாவுக்குப் பனியன் கடை. எங்கள் வீடுகளில் நட்சத்திரம் பார்க்கிற வழக்கம் கிடையாது. அதற்காக நாங்கள் பெரிய ஆட்கள் என்று சொல்ல வரவில்லை. எங்களிடம் வேறு கேள்விகள் இருக்கின்றன, அவற்றை ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. மைதிலியும் நானும் ஒரே டையிங் மில்லில், ஒரே லேபில், ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். நான் சொல்லப்போவது அவளைப் பற்றித்தான்.

எங்கள் வேலை நிறம் பார்ப்பது. ஆர்டர் கொடுப்பவர்கள் ஒரு துண்டுத் துணி அனுப்புவார்கள். அந்த நிறம் எங்கள் மில்லில் சாயம் ஏறி வரும் துணியில் அப்படியே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. அதற்குள் பகல் வெளிச்சம் மாதிரி ஒரு லைட், கடை வெளிச்சம் மாதிரி ஒரு லைட், வீட்டு மஞ்சள் பல்பு மாதிரி ஒரு லைட். ஒரு லைட்டில் ஒத்துப்போகிற நிறம் இன்னொரு லைட்டில் காலை வாரிவிடும். இதிலேயே ஊறிப்போன மைதிலிக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் எதைப் பற்றித் தீர்ப்புச் சொன்னாலும் "எந்த லைட்டுல பார்த்துச் சொல்றீங்க?" என்று கேட்பாள். மேனேஜரிடமும் கேட்பாள், பஸ் கண்டக்டரிடமும் கேட்பாள்.

ஊத்துக்குளியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அவளோடும் அவள் அம்மாவோடும் நானும் போனேன். உள்ளே நுழைந்ததும் அம்மாவின் கண் சுவரைத்தான் துழாவியது. பெரிய மீசையோடு ஒருவர், சந்தன மாலைக்குள் இருந்தார். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "போட்டோ இருக்குது" என்று என் காதில் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து மோரை வாங்கிக்கொண்டார். மைதிலி உட்காரவில்லை.

"இந்தப் பெரியவரு எப்படிங்க இறந்தாரு?"

"லாரி மோதிங்க" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"அந்த லாரிக்கு என்ன நட்சத்திரம்னு விசாரிச்சீங்களா?"

அந்தச் சம்பந்தம் அந்த மோரோடு முடிந்தது. திரும்பும் வழியில் அம்மா அழுதார். மைதிலி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "செத்தவரு போட்டோவைப் பார்த்து சந்தோஷப்பட்டுப் புடிச்ச ஊட்டுல நான் எப்படிடி குடும்பம் நடத்தறது?" என்று என்னிடம் கேட்டாள்.

அந்த வருஷம் தை மாதம், எங்கள் மில்லுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் வானம் காட்டுகிறோம் என்று டெலஸ்கோப்போடு சிலர் வந்திருந்தார்கள். இலவசம் என்றதும் நான்தான் அவளை இழுத்துப்போனேன். திருப்பூர் வானத்தில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும்? கம்பெனி விளக்குகளை மீறி எட்டிப் பார்க்கத் தெம்புள்ளவை மட்டும்தான் தெரியும். டேனியல் என்ற இயற்பியல் வாத்தியார் கிழக்கே கை நீட்டினார். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அதற்கு இடது பக்கம் சிவப்பாக ஒன்று, அதுதான் நம் திருவாதிரை. வலது பக்கம் நீலவெள்ளையாக ஒன்று, அதன் பெயர் ரைஜெல்.

"இந்த ரெண்டுல எது சூடு?" என்று கேட்டார்.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் டையிங் ஆட்கள். சிவப்பு என்று மைதானமே அதிர்கிற மாதிரி கத்தினோம், மைதிலியும் சேர்த்துத்தான். வேறென்ன சொல்வோம்? சிவப்புப் பக்கம் சாயும் ஷேடை வார்ம் என்றும் நீலத்தைக் கூல் என்றும் சொல்லியே சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.

"ஊட்டுல கேஸ் அடுப்பு இருக்குதுங்களா? அது நீலமா எரிஞ்சா நல்ல சூடா, சிவப்பா எரிஞ்சா நல்ல சூடா?"

கத்திய வாயெல்லாம் இப்போது நீலம் என்று முனகின. அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல மைதிலி டெலஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் திட்டியதும் அவள் காதில் விழவில்லை. ரைஜெல்லின் மேற்பரப்பு, சூரியனுடையதைப் போல இரண்டு மடங்கு சூடு. எடை இருபது சூரியன் இருக்கும். அகலம், எழுபது எண்பது சூரியனை வரிசையாக அடுக்கிய மாதிரி. வெளிச்சம் லட்சம் சூரியனுக்கு மேல். அத்தனையும் இருந்தும் ஒரு புள்ளியாகத் தெரிவதற்குக் காரணம் தூரம். நாங்கள் அன்று பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது சோழர்கள் ஆண்டுகொண்டிருந்தார்களாம்.

மைதிலி கண்ணை எடுக்காமலே கேட்டாள். "இது எந்த நட்சத்திரத்துல வருதுங்க சார்? ரோகிணியா, மிருகசீரிஷமா?"

"எதுலயும் வராதுங்க. அந்த இருபத்தேழும் நிலா போற பாதையை வச்சுப் பிரிச்சது. இது ரொம்பத் தெக்கே தள்ளி நிக்குது. அதனால கணக்குல சேர்க்கலை."

"லட்சம் சூரியன் வெளிச்சம் இருந்துமா?"

"இருந்துந்தாங்க."

"அப்ப இதுல பொறந்தா மாமனாருக்கு ஆகுமா ஆகாதான்னு யாரும் எழுதி வைக்கலை?"

வாத்தியாருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மைதிலி நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குகிற குரலில் சொன்னாள்: "சரி. அது எனக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் கேட்ட குருக்களிடம், "மைதிலி, மூலம். கூடவே ரைஜெல்னு ஒண்ணு சேர்த்துக்கங்க சாமி" என்றிருக்கிறாள். அது எந்த ராசி என்று அவர் கேட்டாராம். "ராசி இல்லீங்க சாமி. அது தனியா இருக்குது." பின்னால் கூட்டம் நெருக்கியதால் அந்த மனிதரும் அதைச் சேர்த்தே மந்திரத்தைச் சொல்லிவிட்டார். மறுநாள் லேபில் இதைச் சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த சாயக் கரைசல் தளும்பியது.

அப்புறம் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் அதைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பதுதான். "தன் உடம்புல இருந்தே காத்தாட்டம் வீசி எறிஞ்சுக்கிட்டே இருக்குதாம்டி. வெளிச்சமும் ஒரே மாதிரி இருக்காதாம், கொஞ்சம் ஏறுமாம், கொஞ்சம் எறங்குமாம்."

"உன் கோபம் மாதிரின்னு சொல்லு" என்றேன். அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

இந்த நேரத்தில்தான் முனீஸ் வந்தான். ஈரத்துணியை அகலம் பிடித்துச் சூட்டில் காயவைக்கிற ஸ்டென்டர் மெஷின் ஓட்டுகிறவன். அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கேயும் தறி, சாமளாபுரத்திலும் தறி, இரண்டு குடும்பமும் ஒரே சாதி. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சண்டை கிளம்பவில்லை. எல்லோரும் பயப்படும் அவளுடைய "எந்த லைட்டுல" கேள்விதான் தனக்குப் பிடித்துப்போனது என்றான். அவன் பெயரைச் சொன்னாலே அவள் காது சிவக்கும். இத்தனை வருஷத்தில் அவள் வேண்டும் என்று கேட்ட ஒரே ஆள் அவன்.

ஆனால் அவனுக்கு அப்பா இருந்தார். நெஞ்சடைப்பு ஒருமுறை வந்து, பிழைத்து, அப்படியும் பீடியை விடாத சௌடப்பன்.

முனீஸ் ஒரு வழி வைத்திருந்தான். மைதிலி பிறந்தது மூலம் முடிகிற நேரம். "பொறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதிட்டா பூராடம் ஆயிரும். எங்க ஊர்ல தெரிஞ்ச ஜோசியர் இருக்காரு. எல்லாரும் செய்றதுதான்" என்றான் கேன்டீனில். மைதிலி டிபன் பாக்ஸை மூடினாள்.

"ஒளிச்சுக் கட்டிக்கிட்டு வந்தா, உங்கப்பா இருமறப்பெல்லாம் நான் நடுங்கோணும். அவருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஊர் சொல்றதுக்கு முன்னாடி நானே என்னைக் கொலைகாரின்னு சொல்லிக்குவேன். மூலம்னு தெரிஞ்சு கூப்பிட்டா வர்றேன். இல்லைன்னா நீங்க ஸ்டென்டர்ல இருங்க, நான் லேப்ல இருக்கேன்."

சொல்லிவிட்டு எழுந்து போனாள். கை கழுவுகிற இடத்தில் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். இந்தப் பிடிவாதத்தில் அவள் அவனை இழந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மாசியில் சௌடப்பனும் அவர் மனைவி சென்னம்மாளும் பெண்ணைப் பார்க்கத் திருப்பூர் வந்தார்கள். அவர்களிடம் முனீஸ் என்ன சொல்லிவைத்திருந்தான் என்று எங்களுக்குத் தெரியாது. முனீஸின் வாடகை வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து, பொழுது சாய்ந்ததும் உட்கார்ந்தோம். துணைக்கு நான் போயிருந்தேன். டீ வந்தது, ஊர்க்கதை வந்தது. பிறகு பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார். "ஒன் நட்சத்திரம் என்ன தாயி?"

முனீஸ் வாயைத் திறப்பதற்குள் இவள் சொல்லிவிட்டாள். "மூலமுங்க."

"பூராடம்னுல்ல இவன் சொன்னான்?"

"அது பொய்யிங்க. மூலந்தான். உங்களுக்கு நெஞ்சடைப்பு வந்ததும் எனக்குத் தெரியும். பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா நாளைக்குச் சொல்லக் கூடாதுங்க."

முனீஸ் தலையைக் குனிந்துகொண்டான். சென்னம்மாள் புருஷன் முகத்தையே பார்த்தார். பெரியவர் ஒரு இழுப்பு இழுத்துப் புகையை விட்டார். அப்புறம், "வேற ஒரு நட்சத்திரமும் ஒனக்கு இருக்குன்னு இவன் சொன்னானே. அது எது?" என்றார்.

மைதிலி எழுந்து காட்டினாள். அது அப்போது நல்ல உயரத்தில் நின்றது. எத்தனை சூடு, எத்தனை எடை, எத்தனை வெளிச்சம் என்று அவள் சொன்னாள். பெரியவர் பாயை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"இருபது சூரியன் சரக்கு வச்சிருந்தா, சூரியனைவிட இருபது மடங்கு நாள் தாங்கும்ல?"

எங்கள் காதர்பேட்டைக் கடைக்காரர் எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். பெரிய குடோன் வைத்திருக்கிறவன்தானே அதிக சீசன் தாக்குப்பிடிப்பான்.

"இல்லீங்க. எங்க மில்லுல சின்னது ஒண்ணு பெருசு ஒண்ணுன்னு ரெண்டு பாய்லர் இருக்குதுங்க. பெருசுக்கு வெறகு மலையாட்டம் குவிச்சிருப்பாங்க. ஆனா அந்தக் குவியல்தான் மொதல்ல காலியாகும், அத்தனை வேகமாத் திங்கும். இதுவும் அப்படித்தான். அதோட எடையே அதை உள்ளே போட்டு அழுத்துது. அதைத் தாங்கோணும்னா அத்தனை வேகமா எரிஞ்சே ஆகோணும். சூரியன் எரிய ஆரம்பிச்சு நானூறு கோடி வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பாதிகூட முடியலை. இது ஒரு கோடி வருசத்துக்குள்ளயே இருந்த வெறகைத் தீத்துட்டு, மேக்கொண்டு எரிக்க அலையற நெலைமைக்கு வந்துருச்சு. ஒரு நாளைக்கு வெடிச்சுப் போயிரும்."

"அப்ப அதைச் சாகடிக்கிறது யாரு?"

"யாருமில்லீங்க. அதோட எடைதான்."

பெரியவர் கையிலிருந்த பீடியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், இருமல் வரும்வரை சிரித்தார். "அப்ப என்னையச் சாகடிக்கப் போறது இதுதான். நீ இல்ல."

அன்று சென்னம்மாள் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. "இதத்தான் நான் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து சொல்றேன். நட்சத்திரத்தை வச்சுச் சொன்னாத்தான் இவுக மண்டையில ஏறுது."

கல்யாணம் வைகாசியில் அருப்புக்கோட்டையில் நடந்தது. மொய் வாசித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து சௌடப்பன் மைக்கை வாங்கினார். நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டுக்கங்க. என் மருமக மூலம். தெரிஞ்சேதான் கட்டி வைக்கிறேன். நான் எப்பச் செத்தாலும் அதுக்கு என் பீடிதான் காரணம். வேற யாரையாச்சும் சொன்னீங்க, ராத்திரி வந்து காலைப் பிடிச்சு இழுப்பேன்."

பந்தியில் இலை போடுகிறவன்கூட நின்றுவிட்டான். அப்புறம் மண்டபமே வெடித்துச் சிரித்தது. மைதிலி மணமேடையில் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. என் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டதாக அவள் அப்புறம் கிண்டல் செய்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் திருப்பூரிலேயே வேலை பார்த்தார்கள். தினமும் டீ நேரத்தில் மைதிலி ஊருக்குப் போன் போடுவாள். "மாமா சாப்பிட்டாச்சுங்களா? மாத்திரை போட்டாச்சுங்களா? இன்னைக்கு எத்தனை பீடிங்க?" நான் கேலி செய்தால், "பாசம்டி" என்பாள். பாசம்தான். ஆனால் அந்தப் பக்கம் போனை எடுக்கத் தாமதமானால் அவள் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஊர் முன்னால் அத்தனை தைரியமாக நின்றவளுக்கு உள்ளே அந்தப் பயம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அவரோ சாயங்காலமானால் தெருவில் கட்டிலைப் போட்டுக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நட்சத்திரத்தைக் காட்டுவாராம். "இது என் மருமகளோடது. சூரியன் எல்லாம் இதுகிட்டக் கைகட்டி நிக்கணும்."

கல்யாணத்துக்குப் பிறகு வந்த மூன்றாவது கார்த்திகையில் ஒரு நாள், அதே கட்டிலில், பீடியைப் பற்றவைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மைதிலி அவர்களோடு இல்லை. பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் வாயை அடைத்தவள்! என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ரிஃபானா, நானாடி?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "எந்த லைட்டுல பார்த்துடி கேக்கறே?" என்றேன். அவள் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

நாங்கள் வந்ததும் அழுகை கொஞ்சம் தணிந்தது. அந்த இடைவெளியில் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "மூலம்னு தெரிஞ்சும் எடுத்தாரே. சொன்னாக் கேட்டாரா?"

சென்னம்மாள் எழுந்தார். அவிழ்ந்த தலையோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பீடிக்கட்டு இருந்தது. அதைப் பேசியவளின் மடியில் போட்டார்.

"இந்தா, இதுகிட்டக் கேளு. அவுகளை நீ என்ன செஞ்சேன்னு கேளு. அவுக மைக்குல சொன்னப்ப முன்வரிசையில உக்காந்து பாயாசம் குடிச்சவதானே நீ? காது கேக்கலையா? ஆமா, என் மருமக மூலந்தான். இவ தெனம் போன் போட்டுத் திட்டித்தான் அவுக இந்த மூணு வருசம் பாதிப் பீடியோட இருந்தாக. இல்லைன்னா எப்பவோ போயிருப்பாக."

சென்னம்மாள் மைதிலியின் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெரியவரின் தலைமாட்டில் உட்காரவைத்தார். "மக உக்கார்ற எடம் இது. எந்திரிக்காத." அப்போதுதான் மைதிலி அழுதாள். ஊரே கேட்கும்படி, வாய்விட்டு, "மாமா" என்று அழுதாள்.

காரியமெல்லாம் முடிந்து சென்னம்மாளையும் திருப்பூருக்கே அழைத்து வந்துவிட்டார்கள். பெரியவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். முனீஸ் தயங்கித் தயங்கி, "உள் ரூம்ல மாட்டிக்கலாமே. வர்றவங்க பார்த்தா ஏதாச்சும் பேசுவாங்க" என்றான். அவன் நல்லவன். அவளுக்காகத்தான் சொன்னான்.

மைதிலி சுத்தியலை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். முன்னறையில், கதவைத் திறந்ததும் நேராகக் கண்ணில் படுகிற சுவரில், தானே ஆணியை அடித்தாள்.

"ஒளிச்சு வச்சாத்தான் நான் கொன்னதா ஆகும்" என்றாள்.

சென்னம்மாள் மாலையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுவிட்டு, கோணல் இருக்கிறதா என்று இறங்கி நின்று பார்த்தாள். அது கல்யாணத்தன்று எடுத்த படம். பெரியவர் கையில் மைக் இருக்கிறது.